பெயர் அறியாச் செடி

மண் ஈகையில் வல்லது. நாம் விதைத்தவற்றை மட்டும் விளைத்துத் தந்து அஃது அமைவதில்லை. நாம் விதையாதனவற்றையும் முளைப்பித்து வளர்க்கும். தோட்டம் வைத்துப் பழகியோர் அனைவரும் இதனை நன்கு அறிவர். நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டி, எருவிட்டு, சாமந்தியோ கனகாம்பரமோ நட்டு, நாள்தோறும் நீர் வார்த்து வருகின்றோம். இடையே மழை ஒன்று பெய்கின்றது. சில நாள் கழித்துப் பார்க்குங்கால், பாத்தியின் ஓரத்தில் நாம் நடாத செடியொன்று தலைதூக்கி நிற்கக் காண்கின்றோம். அஃது எங்கிருந்து வந்தது? அதன் பெயர் யாது? அதனால் நன்மை விளையுமா, தீமை விளையுமா? ஒன்றும் தெரிவதில்லை.

இந்நிலையில் மக்கள் பெரும்பாலும் இருவகையாக நடந்துகொள்வர். ஒரு சாரார், தாம் நடாதன யாவும் களையே என்று கருதி, கண்டவுடனே அதனைப் பிடுங்கி எறிவர். மற்றொரு சாரார், இலை பசுமையாக இருக்கின்றது, பூவும் அழகாகப் பூக்கக்கூடும் என்று எண்ணி, அதற்கும் சேர்த்து நீர் விடுவர். முன்னவர் கீழாநெல்லியையும் தும்பையையும் குப்பையில் எறிந்துவிடுதல் உண்டு. பின்னவர் நச்சுப் பூண்டைத் தம் கையாலேயே வளர்த்துப் பெருக்கிவிடுதலும் உண்டு. ஆராயாது அழித்தலும் தவறு. ஆராயாது வளர்த்தலும் தவறு. முதலில் அச்செடி இன்னதென அறிதல் வேண்டும். அதன்பின்னரே அதனை என் செய்வது என்று முடிவு செய்தல் வேண்டும். அறியும் முறை எது, அறிந்தபின் செய்யத்தக்கது எது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

களை என்பது யாது? அது செடிகளுள் ஒரு தனிச் சாதி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. வேண்டாத இடத்தில் வேண்டாத காலத்தில் வளரும் செடி எதுவாயினும் அது களையே. கடலை விளையும் கொல்லையில் முளைத்த நெல் களையாகும். வழிபாட்டிற்கும் மருந்திற்கும் உதவும் அருகம்புல்லே கத்தரிப் பாத்தியில் படர்ந்தால் களையாகும். ஆதலின் களை என்னும் பெயர் செடியின் பிறப்பைக் குறிப்பதன்று. அது நிற்கும் இடத்தையும், அதனால் விளையும் பயனையும் கருதி நாம் இட்ட பெயராகும். எனவே, ஒரு செடியைக் களை என்று சொல்லுமுன் அதன் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் நம் கடமை.

பெயர் அறியாச் செடி ஒன்றைக் கண்டால், அஃது எவ்வாறு வந்திருக்கும் என்று முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. செடிகளுக்குக் கால்கள் இல்லை. ஆயினும் அவற்றின் விதைகள் நெடுந்தொலைவு செல்லும். எருக்கின் விதை பட்டுப்போன்ற இழைகளை உடையது. காற்றில் மிதந்து சென்று எங்கோ இறங்கும். நாயுருவியின் காய் ஆடையிலும் ஆட்டின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். நெருஞ்சி முள் காலில் தைத்து வழிப்போக்கரோடு பயணம் செய்யும். வேப்பம்பழத்தைத் தின்ற காக்கை அதன் விதையை வேலியோரத்தில் இட்டுச் செல்லும். ஆலும் அரசும் பறவையின் எச்சத்தால் சுவரின் வெடிப்பிலும் முளைக்கும். இவையன்றி, எருவோடும், வண்டியில் வந்த மண்ணோடும், நாற்றோடும் வந்து சேரும் விதைகளும் பல. அண்மையில் எங்கிருந்தேனும் மண்ணோ எருவோ கொணர்ந்து பாத்தியில் இட்டிருந்தால், புதுச்செடி அதனோடு வந்ததாக இருத்தல் கூடும். வந்த வழி தெரியின், இன்னும் எத்துணைச் செடிகள் வரக்கூடும் என்பதும் ஒருவாறு விளங்கும்.

அடுத்து, செடியை உற்று நோக்குதல் வேண்டும். நோக்குதல் என்பது ஒரு கலை. ஒரு முறை பார்த்துவிட்டு, இது பச்சையாக இருக்கிறது என்று கூறுவதால் பயனில்லை. மருத்துவர் நோயாளியை ஒவ்வோர் உறுப்பாகச் சோதிப்பது போல, செடியையும் வேர் முதல் பூ வரை முறையாகச் சோதித்தல் வேண்டும்.

முதற்கண் செடி நிற்கும் நிலையைக் காண்க. அது நேராக நிற்கின்றதா, தரையில் படர்கின்றதா, பிறவற்றைப் பற்றி ஏறுகின்றதா? பின்னர்த் தண்டைக் காண்க. தண்டு உருண்டையாக உள்ளதா, பட்டை உடையதா? துளசி, தும்பை ஆகியவற்றின் தண்டு நான்கு பட்டையாக இருக்கும். கோரையின் தண்டு மூன்று பட்டையாக இருக்கும். கோரையைப் புல் என்றே பலர் கொள்கின்றனர். தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்ப்பின் இரண்டிற்கும் உள்ள வேற்றுமை உடனே புலனாகும்.

மூன்றாவதாக இலையைக் காண்க. இலைகள் எதிரெதிராக இணைந்து நிற்கின்றனவா, ஒன்று இப்புறமும் மற்றொன்று அப்புறமுமாக மாறி நிற்கின்றனவா? எருக்கிலும் நாயுருவியிலும் எதிரெதிராக நிற்கும். குப்பைமேனியில் மாறி மாறி நிற்கும். இலையின் விளிம்பு நேராக உள்ளதா, வாளின் பற்போல் அரிந்துள்ளதா, நடு நரம்புவரை கிழிந்துள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். இலையின் மேற்புறத்தைக் கண்டதோடு அமையாது கீழ்ப்புறத்தையும் திருப்பிக் காணுதல் வேண்டும். கீழாநெல்லிக்கு அப்பெயர் வந்த காரணம் மேலிருந்து பார்ப்பவர்க்கு விளங்காது. சிறு கிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைகளின் கீழே நெல்லிக்காய் வடிவில் கடுகளவான காய்கள் வரிசையாகத் தொங்குவது தெரியும். நம் முன்னோர் அச்செடியைத் திருப்பிப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றனர்.

நான்காவதாகச் சாற்றையும் மணத்தையும் அறிக. எருக்கும் அம்மான்பச்சரிசியும் வெண்ணிறப் பால் உடையன. பிரமதண்டு மஞ்சள் நிறப் பால் உடையது. துளசிக்கும் திருநீற்றுப் பச்சைக்கும் தனி மணம் உண்டு. ஆயினும் இச்சோதனையை எச்சரிக்கையோடு செய்தல் வேண்டும். எருக்கம்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளைக்கும். அறியாச் செடியின் இலையை வெறுங்கையாற் கசக்குதலும், கசக்கிய கையால் முகத்தைத் தொடுதலும் கூடா. இறுதியாகப் பூவையும் காயையும் காண்க. செடியின் குடும்பத்தைப் பிழையின்றி உணர்த்துவன இவையே.

இவ்வாறு உறுப்புகளை நோக்கிச் செடிகளை வகுத்தறியும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், நிலைத்திணையாகிய தாவரங்களை இரண்டாகப் பகுக்கின்றது. வெளியே வயிரம் உடையது புல் என்றும், உள்ளே வயிரம் உடையது மரம் என்றும் கூறுகின்றது. இவ்விதிப்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேரும். நெடிதுயர்ந்த பனையைப் புல் என்பதா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இக்காலத் தாவர நூலாரும் தென்னை, பனை, மூங்கில், நெல் ஆகியவற்றை ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைக்கின்றனர். புறத்தோற்றத்தின் உயரத்தைக் கண்டு மயங்காது, தண்டின் அமைப்பைக் கண்டு வகுத்த நுட்பம் போற்றத்தக்கது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் வேறு பிரித்து அறியாத மக்களிடையே அத்துணைப் பெயர்கள் வழங்கியிருத்தல் இயலாது.

எனினும் ஊர்ப் பெயர்களில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கும். ஒரே பெயர் வெவ்வேறு செடிகளைக் குறித்தலும் உண்டு. பிரமி என்னும் பெயரால் ஓரிடத்தில் வல்லாரையையும், வேறோரிடத்தில் நீர்ப்பிரமியையும் குறிக்கின்றனர். இவை இரண்டும் வேறுவேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணியும் பெயரால் ஒன்றாயினும் இனத்தால் வேறானவை. இத்தகைய மயக்கத்தை நீக்கும்பொருட்டே, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரு சொற்களாலான பெயரை வழங்கினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நம் குப்பைமேனி, அந்நூல்வழிப்படி அக்கலிபா இண்டிகா எனப்படும். உலகில் எம்மூலையில் உள்ளாரும் அப்பெயரைக் கேட்ட அளவில் அதே செடியை உணர்வர். ஊர்ப் பெயரும் வேண்டும், நூற்பெயரும் வேண்டும். முன்னது அச்செடியோடு நமக்குள்ள உறவைக் காட்டும். பின்னது ஐயத்தை அறுக்கும்.

இனி, இம்முறையைக் கையாண்டு ஒரு செடியை ஆராய்ந்து பார்ப்போம். ஒரு பள்ளித் தோட்டத்தில் சாமந்திப் பாத்தி ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதன் ஓரத்தில் வெளிறிய பசுமை நிறமுடைய இளஞ்செடி ஒன்று முளைத்துள்ளது. அதன் இலைகள் ஆழக் கிழிந்து பல பிளவுகளாக உள்ளன. அதனைக் கண்ட மாணவன் ஒருவன், இது சாமந்திக் கன்று என்கின்றான். மற்றொருவன், இது மாசிப்பச்சை என்கின்றான். பெற்றோருடன் சந்தைக்குச் சென்றுவந்த வேறொருவன், காரட்டுக் கிழங்கின் இலை இவ்வாறுதான் இருக்கும் என்கின்றான். மூவரும் இலையின் தோற்றத்தை மட்டும் கண்டு கூறினர். இனி ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

சாமந்தியின் பக்கக்கன்று தாய்ச்செடியின் அடியிலிருந்து கிளைத்து வருவது. இச்செடியின் அடியில் மண்ணைச் சற்றே விலக்கிப் பார்த்தால், இது தாய்ச்செடியோடு தொடர்பின்றித் தனக்கென ஆணிவேர் கொண்டு, விதையிலிருந்து முளைத்துள்ளமை தெரிகின்றது. சாமந்தி இலையின் பிளவுகள் அகன்றவை, சற்றுத் தடித்தவை. இதன் பிளவுகளோ மெல்லியவை. ஒவ்வொரு பிளவும் மீண்டும் பிளவுபட்டுள்ளது. மாசிப்பச்சைக்கு உரிய நறுமணம் இதனிடம் இல்லை. மாசிப்பச்சை இலையின் கீழ்ப்புறம் வெண்ணிற மயிர் செறிந்து வெளுத்துத் தோன்றும். இதன் கீழ்ப்புறம் அவ்வாறு இல்லை. காரட்டுக்குரிய கிழங்கும் இதன் அடியில் காணப்படவில்லை. இளம்பருவத்தில் இதன் இலைகள் தரையோடு படிந்து வட்டமாகப் பரவி, அருகில் பிற செடி முளைக்க இடமின்றி மண்ணை மறைத்துக்கொள்கின்றன. சில நாளில் நடுவிலிருந்து வரி வரியான கோடுகளும் மென்மயிரும் உடைய தண்டு எழுகின்றது. அது மேலே பல கிளைகளாகப் பிரிகின்றது. நுனிகளில் வெண்ணிறமான சிறு பூத்தலைகள் கொத்துக் கொத்தாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு தலையும் ஒரு மூக்குத்தி அளவே உள்ளது. ஐந்து மூலை உடையதுபோல் காட்சியளிக்கின்றது. ஐயம் தீர்ந்தது. இது பார்த்தீனியம் என்னும் நச்சுப் பூண்டு.

இப்பூண்டு நம் நாட்டிற்கு உரியதன்று. மெக்சிகோ முதலிய வெப்ப அமெரிக்க நாடுகளே இதன் தாயகம். பூனா நகரில் இது காணப்பட்ட செய்தியை 1956ஆம் ஆண்டில் தாவர அறிஞர் எழுதி வெளியிட்டனர். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான தானியத்தோடு கலந்து இதன் விதைகள் மிகுதியாக வந்தன என்பது பலர் கருத்து. அதன்பின் இருப்புப்பாதை ஓரங்களிலும், சாலையோரங்களிலும், தரிசு நிலங்களிலும், வயல் வரப்புகளிலும் இது பரவிவிட்டது. இன்று இது காணப்படாத மாநிலம் இல்லை என்றே கூறலாம்.

இத்துணை விரைவாக இது பரவியமைக்குக் காரணம் உண்டு. முளைத்து ஏறத்தாழ ஒரு மாத அளவிலேயே இது பூக்கத் தொடங்கும். ஒவ்வொரு பூத்தலையிலும் ஐந்து விதைகள் உண்டாகும். ஐந்துதானே என்று எண்ணற்க. நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. அவ்விதைகள் நுண்ணியவை, காற்றாலும் நீராலும் வண்டிச் சக்கரங்களாலும் எங்கும் சென்று சேரும். மண்ணுள் புதைந்தவை ஆண்டுகள் சில கழிந்தும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. மேலும், இதன் வேரிலும் இலையிலும் உள்ள சில பொருள்கள் மண்ணிற் கலந்து அண்டையில் உள்ள பயிரின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இதன் பூந்தாது தக்காளி, கத்தரி முதலியவற்றின் சூல்முடியிற் படிந்து காய் பிடிப்பதைக் குறைக்கின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இதனைத் தின்னும் மாட்டின் பாலில் கசப்பு ஏறும்.

மக்களுக்கு விளையும் தீங்கோ இவற்றினும் கொடியது. இதில் உள்ள பார்த்தெனின் என்னும் பொருள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். பூந்தாது மூக்கினுட் சென்று தும்மலையும் மூச்சிரைப்பையும் தரும். முதல் முறை தொட்டபோது ஒன்றும் நேரவில்லை என்று துணிதல் கூடாது. பலமுறை தொட்டுப் பழகியவர்க்கும் பின்னர் ஒருநாள் ஒவ்வாமை தோன்றுதல் உண்டு. ஒருமுறை தோன்றியபின் அது நெடுங்காலம் தொடரும். வயலிலும் வரப்பிலும் நாள் முழுதும் உழைக்கும் எளிய மக்களே இதனால் பெரிதும் துன்புறுகின்றனர். சாமந்திக் கன்று என்று கருதி நாம் நீர் வார்த்த செடி, ஊராரின் உடல்நலத்திற்கு ஊறு விளைக்கும் செடியாக முடிதல் எத்துணைக் கொடுமை! செடியை அறிதல் வீண் ஆராய்ச்சியன்று என்பது இதனால் விளங்கும்.

அறிந்தபின் செய்யத்தக்கது யாது? பூப்பதற்கு முன்னரே இதனை அகற்றுதல் வேண்டும். மழை பெய்தோ நீர் பாய்ச்சியோ மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எளிதில் வரும். மேற்பகுதியை மட்டும் அறுத்தால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கையுறை அணிந்தோ, கைகளில் தடித்த பையைச் சுற்றிக்கொண்டோ பிடுங்குதல் வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் நன்று. வேலை முடிந்ததும் கைகால்களைச் சவுக்காரமிட்டுக் கழுவி, ஆடையையும் துவைத்தல் வேண்டும். தோல் நோயோ மூச்சிரைப்போ உடைய மாணவர் இதனருகே செல்லலாகாது. ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியோரிடமோ தெரிவிப்பதே அவர்க்கு உரிய பணி.

பூவாத செடிகளை எருக்குழியில் இடலாம். அவை மட்கி எருவாகும். பூத்தும் காய்த்தும் நிற்பனவற்றை எருக்குழியில் இடுதல் கூடாது. எருவோடு விதையும் பாத்திக்கு வந்து சேரும். ஒரு செடியை ஒழிக்கப் போய் ஆயிரம் செடிகளை விதைத்தவர் ஆவோம். அவற்றை உதறாமல் பையினுள் இட்டுக் கட்டி, ஆழமான குழியிற் புதைத்தல் வேண்டும். அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டுவைத்தால் மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். ஆதலின் அவ்விடத்தில் வேறு செடிகளை நெருக்கமாக நடுதல் வேண்டும். தரிசு நிலங்களில் தகரைச் செடியை வளரவிட்டால் அது செறிந்து வளர்ந்து பார்த்தீனியத்தை அடக்கும். மெக்சிகோ நாட்டிலிருந்து 1983ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கொணரப்பட்ட ஒருவகை வண்டு இதன் இலையைத் தின்று அழிக்கின்றது. வெளிறிய உடலில் கரும்பழுப்புக் கோடுகள் உடைய அச்சிறு வண்டை இப்பூண்டின்மேற் கண்டால் கொல்லாமல் விடுதல் வேண்டும். அது நம் துணைவன்.

எல்லாச் செடிகளையும் இவ்வாறே நடத்துதல் முறையன்று. இன்ன செடி என அறிந்தபின், அதனதன் இயல்பிற்கு ஏற்றதைச் செய்தல் வேண்டும். புதுச்செடி தும்பையாயின், பாத்தியின் ஓரத்திலேயே விட்டுவைக்கலாம். தேனீக்கள் அதனை நாடி வரும். தூதுவளையாயின், அதன் முள் நடப்போர் காலிற் குத்தாதவாறு வேலியோரத்திற்கு மாற்றி நடலாம். வேப்பங்கன்றாயின், பூம்பாத்தியில் அதற்கு இடமில்லை; வேர் ஆழமாக இறங்குமுன் மண்ணோடு பெயர்த்துத் திறந்த வெளியில் நட்டால் நாளை ஊருக்கு நிழல் தரும். அரசங்கன்று சுவரோரத்தில் முளைத்திருந்தால், இளமையிலேயே எடுத்துவிடுதல் வேண்டும். காலந்தாழ்த்தினால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். கோரையாயின், பிடுங்குதல் போதாது. மேற்பகுதி கையோடு வந்தாலும் மண்ணுள் உள்ள கிழங்கு தங்கிவிடும். மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பொறுக்கி எடுத்தல் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் உரிய முறை ஒவ்வொன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை மாணவர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளல் வேண்டும். பெயர் அறியாச் செடியின் எவ்வுறுப்பையும் ஒருபோதும் வாயில் இடாதீர்கள். பழம் சிவந்து அழகாக இருத்தலும், விதை பளபளப்பாக இருத்தலும் உண்ணத்தக்கவை என்பதற்குச் சான்றாகா. ஊமத்தையும் அரளியும் குன்றிமணியும் நஞ்சுடையவை. காட்டாமணக்கு விதையைத் தின்ற சிறுவர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டு வருந்துவர். ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுதலால் விளையும் கேட்டிற்குப் பிரமதண்டே சான்று. அதன் விதை பார்வைக்குக் கடுகை ஒத்திருக்கும். அதன் எண்ணெய் கடுகெண்ணெயோடு கலந்தமையால், 1998ஆம் ஆண்டில் தில்லி நகரில் பலர் உடல் வீங்கி நோயுற்றனர். 60 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மூலிகை என்று ஒருவர் சொல்லக் கேட்டவுடன் பறித்து உண்ணுதலும் தகாது. மருந்தாகக் கொள்ளத்தக்கது எது, எவ்வளவு, எவருக்கு என்பனவற்றை மருத்துவரே கூறுதல் வேண்டும்.

நாமே ஆராய்ந்தும் ஐயம் தீராவிடின் என் செய்வது? அறிந்தோரை அணுகிக் கேட்டல் வேண்டும். நிலத்தோடு வாழ்ந்த உழவரும் ஆடு மேய்ப்போரும் பல செடிகளைப் பெயர் சொல்லி அழைப்பர். அவர்கள் கூறும் பெயரையும் பயனையும் எழுதிக்கொள்ளுதல் நல்லது. பின்னர்த் தாவரநூல் கற்ற ஆசிரியரிடமோ, வேளாண்மை அலுவலரிடமோ காட்டலாம். செடியை அவர்களிடம் கொண்டு செல்லவும் ஒரு முறை உண்டு. இலையும் பூவும் காயும் ஒருசேர அமைந்த கிளையொன்றை எடுத்து, செய்தித்தாளின் மடிப்பினுள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை நாள்தோறும் மாற்றிவந்தால் அது நிறம் பெரிதும் மாறாமல் உலரும். எடுத்த நாள், இடம், பூவின் நிறம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்தல் வேண்டும். இவ்வாறு உலர்த்திய செடிகளைக் காக்கும் பெருநிலையம் ஒன்று கோயம்புத்தூரில் உள்ளது. இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டலக் கிளையாக 1955ஆம் ஆண்டில் அஃது ஏற்பட்டது. நூறாண்டுக்கு முற்பட்ட செடிகளும் அங்கே தாளில் ஒட்டிப் பாதுகாக்கப்படுகின்றன.

இக்காலத்தில் கைப்பேசியால் செடியைப் படம் எடுத்தால் அதன் பெயரைக் கூறும் வசதியும் வந்துள்ளது. அது நல்ல துணையே. ஆயினும் முடிந்த முடிபன்று. படம் காட்டுவது ஒரு பக்கத்தை. மணத்தையும், வேரையும், தண்டின் பட்டையையும் அது காட்டாது. அது கூறிய பெயரைக் கொண்டு, மேற்கூறிய உறுப்புகளை நாமே ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒத்தால் கொள்க, ஒவ்வாவிடின் மீண்டும் ஆராய்க.

திருக்குறளில் செங்கோன்மை என்றோர் அதிகாரம் உண்டு. குற்றத்தை நன்கு ஆராய்ந்து, ஒருபாற் சாயாது, தக்கதைத் தெளிந்து செய்வதே முறை என்று அதன் முதற் குறள் கூறுகின்றது. கொடியோரை அரசன் ஒறுத்தல், உழவன் பயிரைக் காக்கக் களையை நீக்குதலோடு ஒக்கும் என்று அதன் இறுதிக் குறள் கூறுகின்றது. ஆராய்தல் முன்னே நிற்கின்றது. களைதல் பின்னே வருகின்றது. அரசனுக்குச் சொன்ன அம்முறை தோட்டக்காரனுக்கும் பொருந்தும். ஆராயாது களைபவன் பயிரையும் இழப்பான்; ஆராய்ந்தபின்னும் களையாதவன் நிலத்தையே இழப்பான்.

ஆதலின் மாணவர்களே, உங்கள் பள்ளித் தோட்டத்திலோ வீட்டு முற்றத்திலோ புதுச்செடி ஒன்றைக் கண்டால், கையை நீட்டுமுன் கண்ணைச் செலுத்துங்கள். குனிந்து பாருங்கள், இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள், கண்டதை ஏட்டில் எழுதுங்கள், அறிந்தோரிடம் கேளுங்கள். காக்கத்தக்கதாயின் காத்திடுங்கள், மாற்றத்தக்கதாயின் மாற்றி நடுங்கள், நீக்கத்தக்கதாயின் பூக்கும்வரை காத்திராது, பெரியோர் துணையோடு வேரோடு நீக்குங்கள்.